கை அறியும் கல்வியும் அதனை அளக்கும் பரீட்சையும்

பரீட்சை என்றவுடன் வினாத்தாளும் மூன்று மணித்தியாலமும் விடைத்தாட் கட்டும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. வரலாறும் இலக்கியமும் பயில்வோர்க்கு அம்முறை பெரிதும் பொருந்தியே வருகின்றது. அவர்கள் கற்பதும் எழுத்து. கற்றதை வெளியிடுவதும் எழுத்து. ஆனால், கையினாற் கற்று, கையினாற் செய்து, பிறர் உடலிற் பயன் காணும் கல்வியும் பல்கலைக்கழகத்துள் இடம்பெற்றுவிட்டது. இயன்மருத்துவம் அத்தகையது. முடங்கிய மூட்டை அசைத்தல், தளர்ந்த தசைக்கு வலுவூட்டல், வீழ்ந்தவரை நடக்கப் பழக்கல் என்பன அதன் தொழில்கள். இத்தொழிலைக் கற்ற மாணவர் தகுதியுடையவரா என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு மனிதர் காலந்தோறும் கண்ட விடைகளை நோக்குதலும், அவ்விடைகளுள் இன்னும் குறையாக நிற்பது யாது எனத் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தை முன்வைத்து ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலையைக் களமாகக் கொண்டமைக்குக் காரணமுண்டு. துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு தேய்ந்தோரும், கிண்ணியா, மூதூர்க் கரைகளில் வலை இழுத்துத் தோள் பழுதுற்றோரும், கந்தளாய், தம்பலகாமம் வயல்களிற் குனிந்து இடுப்பு நொந்தோரும் வாழும் மாவட்டம் இது. இவற்றின் மேல் முப்பதாண்டுப் போரும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையும், 2006இல் மாவிலாற்றிலும் மூதூரிலும் மூண்ட சண்டையும் சேர்ந்து, உறுப்பிழந்தோரையும் நரம்பறுந்தோரையும் விட்டுச் சென்றன. நோயாளருக்கு இங்கு குறைவில்லை. ஆயினும் இயன்மருத்துவப் பட்டக் கல்வி இங்கில்லை. கொழும்பு, பேராதனை முதலிய இடங்களிற் பயின்று, அங்குள்ள நோயாளர்மீது பரீட்சிக்கப்பட்டுத் தேறியவரே இங்கு பணிக்கு வருகின்றனர். திருகோணமலை வளாகத்திற் பயிற்றப்படும் சித்த மருத்துவமோ தொக்கணம், வர்மம் என்னும் கைத்தொழில்களைத் தன்னகத்தே கொண்டது. ஆகவே ஓரிடத்து அளந்த தகுதி மற்றோரிடத்துச் செல்லுமா என்னும் கேள்வி இம்மாவட்டத்தில் ஏட்டுக் கேள்வி அன்று.

மருத்துவரைச் சோதிக்கும் வழக்கம் மிகப் பழையது. பக்தாத் நகரில் கி.பி. 931ஆம் ஆண்டு மருத்துவரொருவரின் தவற்றால் நோயாளி இறந்தமை கேட்டு, கலீபா அல்-முக்ததிர், தலைமை மருத்துவரான சினான் இப்னு தாபித் என்பார் பரீட்சித்து ஒப்புக்கொண்டாலன்றி எவரும் மருத்துவம் செய்தல் கூடாதென ஆணையிட்டார். எண்ணூற்றுக்கு மேற்பட்டோர் அப்பரீட்சைக்கு வந்தனர் என அரபு வரலாற்றாசிரியர் எழுதுவர். அவருள் நல்லாடை உடுத்த முதியவர் ஒருவர் எழுத்தறியாதவர். குடும்பத்தைக் காக்கும் வழி வேறில்லை எனப் பொற்காசுகளைப் பரீட்சகர் முன் வைத்தாராம். அறியாத நோயைத் தொடுவதில்லை, குருதி வாங்குவதில்லை, பேதி கொடுப்பதில்லை என்னும் நிபந்தனையுடன் சினான் அவரைத் தொழில் செய்ய விட்டார். கையூட்டு என்று இதனை இகழ்வோர் இகழலாம். ஆனால், 'தேறினார்', 'தவறினார்' என்னும் இரண்டுக்கும் இடையே, இன்னது செய்யலாம், இன்னது செய்யலாகாது என எல்லை வகுக்கும் மூன்றாம் தீர்ப்பு ஒன்று உண்டென்பதை அப்பரீட்சகர் கண்டிருந்தார். இன்றைய புள்ளித்தாள்களில் அதனைக் காண்பது அரிது.

பக்தாதில் நிகழ்ந்தது பெரும்பாலும் வாய்மொழிச் சோதனை. கையைச் சோதிக்கும் எண்ணம் வேறிடங்களில் முளைத்தது. சுச்ருத சங்கிதை, மாணாக்கன் உயிருள்ள உடலைத் தொடுமுன் பூசணி, வெள்ளரி முதலிய காய்களில் வெட்டுதலையும், மயிருள்ள தோலிற் சுரண்டுதலையும், தாமரைத் தண்டில் நாளம் கீறுதலையும், துணியாற் செய்த பாவையிற் கட்டுக் கட்டுதலையும் பழகவேண்டும் என விதிக்கின்றது. எத்துணை நூல் கற்றவனாயினும் கைப்பழக்கம் இல்லாதவன் தொழிலுக்குத் தகான் என்பது அந்நூலின் கருத்து.

சீனத்தில் இன்னும் ஒருபடி மேற் சென்றனர். சோங் வம்சத்து மன்னன் ஆட்சியில், 1027ஆம் ஆண்டளவில், வாங் வெய்யி என்னும் மருத்துவர் ஆளுயர வெண்கலப் பாவைகள் இரண்டை வார்ப்பித்தார். ஊசி குத்தும் இடங்கள் அவற்றின் மேனியிற் சிறு துளைகளாக அமைந்தன. பரீட்சையன்று பாவையின்மேல் மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே நீர் நிரப்புவர். மாணவர் ஊசியைச் சரியான இடத்தில் ஏற்றினால் நீர் கசியும். தவறினால் ஊசி நுழையாது. பரீட்சகரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே கைத்திறனைப் புறவயமாக அளக்கும் கருவி ஒன்று உருவாகிவிட்டது என்பது வியக்கத்தக்கது. ஆனால் அப்பாவைக்கு நோவில்லை, வாயுமில்லை. அதன் குறை என்னவென்பதை இக்கட்டுரை பின்னர்த் தொடும்.

நம் ஊர்களில் முறிவு வைத்தியருக்கு இத்தகைய சோதனை எதுவும் இருக்கவில்லை. தந்தையிடமோ மாமனிடமோ பற்றுப் போடவும் மட்டை வைத்துக் கட்டவும் பழகியவர் ஒருநாள் தாமே வைத்தியராவார். ஊரே பரீட்சகர். கட்டவிழ்த்தபின் எலும்பு நேராகப் பொருந்தி நின்றால் அவர் தேறியவர். கோணினால் அக்கோணலைச் சுமந்து தெருவில் நடப்பவரே அவரது புள்ளித்தாள். இம்முறையைப் பழைமைப் பெருமையாற் போற்றுவோர், தவறின் விலையை நோயாளியே செலுத்தினார் என்பதை மறந்துவிடுகின்றனர். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியரைப் பதிவுமுறைக்குள் கொண்டுவந்தது அவசியமான செயலே.

இனி, இயன்மருத்துவம் தனித்தொழிலாகிய வரலாற்றுக்கு வருவோம். அதன் வேர்களுள் ஒன்று, பேர் ஹென்ரிக் லிங் என்பார் 1813இல் ஸ்டொக்ஹோமில் நிறுவிய உடற்பயிற்சி நிறுவனம். மற்றொன்று இலண்டன் நகரத்து நீவற்சிகிச்சை. ஆங்கு 1894இல், 'மசாஜ்' என்னும் பெயரில் ஒழுக்கக்கேடான நிலையங்கள் நடைபெறுவதாகப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை எழுதிப் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. நேர்மையாகத் தொழில் செய்த பெண்களின் பெயரும் அதனாற் கெட்டது. லூசி ரொபின்சன், ரோசலின்ட் பஜெற், எலிசபெத் மான்லி, மார்கரெட் பாமர் என்னும் நால்வர் அவ்வாண்டிலேயே பயிற்சி பெற்ற நீவற்சிகிச்சையாளர் சங்கத்தை அமைத்தனர். மருத்துவரின் பணிப்பின்றிச் சிகிச்சை அளிப்பதில்லை, பொதுப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்வதில்லை என விதிகள் வகுத்து, 1895இல் முதற்பரீட்சையையும் நடத்தினர்.

இங்கு ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அப்பரீட்சை முதலில் எழுந்தது திறனை அளக்க அன்று; மானத்தைக் காக்க. சான்றிதழ் என்பது, இவள் கை தூயது என உலகுக்குக் காட்டும் சாட்சி. ஆனால் ஒருமுறை நிறுவப்பட்ட பரீட்சை தன் போக்கில் வளர்ந்தது. உடற்கூற்றியல் நுழைந்தது, செய்முறை நுழைந்தது, 1920இல் அரச சாசனம் கிடைத்தது, 1944இல் அச்சங்கம் இயன்மருத்துவச் சங்கம் என்னும் இன்றைய பெயரையும் பெற்றது. முதலாம் உலகப்போரிற் கண்ணிழந்த வீரர் சிலர் இத்தொழிலைப் பயின்று தேறியமையும் நினைக்கத்தக்கது. விரல் அறிவதைக் கண் அறியவேண்டியதில்லை என்பதற்கு அவர்களே சான்றாயினர்.

இரண்டாம் உலகப்போர் இத்தொழிலுக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தது. அப்போரிலேயே திருகோணமலையும் தாக்கப்பட்டது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு பொழிந்தன. ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இத்தகைய எண்ணற்ற களங்களிலிருந்து நரம்பு அறுந்த கைகால்களுடன் திரும்பியோரைக் கண்காணிக்கப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 1943இல் ஒரு கைந்நூல் வெளியிட்டது. தசை வலுவைச் சுழியம் முதல் ஐந்து வரை தரப்படுத்தும் முறை அதனாற் பரவிற்று. அசைவே இல்லையெனிற் சுழியம். துடிப்பு மட்டும் தெரியின் ஒன்று. புவியீர்ப்பை நீக்கினால் அசையுமெனில் இரண்டு. ஈர்ப்பை எதிர்த்து அசையுமெனில் மூன்று. பரீட்சிப்பவர் கையின் தடையையும் ஓரளவு எதிர்த்தால் நான்கு. இயல்பான வலுவெனில் ஐந்து.

இவ்வளவுகோலை ஈண்டு விரித்துரைத்தமைக்குக் காரணம், இயன்மருத்துவ மாணவரைச் சோதிப்பதன் தனிச்சிக்கல் முழுவதும் இதனுள் அடங்கியிருத்தலே. சுழியம் முதல் மூன்று வரை ஈர்ப்பு விசை நடுவராய் நிற்கின்றது. அது எங்கும் ஒன்றே. நான்கிலும் ஐந்திலும் நடுவர் மாணவரின் கை. அழுத்தம் மிகுந்த கை ஐந்தை நான்காக்கும். மெலிந்த கை நான்கை ஐந்தாக்கும். மூட்டின் அசைவைக் கோணமானி கொண்டு பாகையில் அளக்கலாம், நடையை நிறுத்தற் கடிகாரத்தால் அளக்கலாம். ஆனால் இங்கே அளப்பவரே அளவுகருவி. ஆகவே மாணவரைப் பரீட்சித்தல் என்பது, ஒரு தராசை எடைபோட்டுப் பார்ப்பதையொத்த செயலாகும்.

இலங்கையில் இயன்மருத்துவப் பயிற்சி 1950களிற் கொழும்பு வைத்தியசாலையைச் சார்ந்து முறைப்படத் தொடங்கிற்று. பிரித்தானியக் கடற்படை 1957 ஒக்டோபரில் திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்த காலமும் ஏறக்குறைய அதுவே. அடுத்து 1962இலும் 1968இலும் இளம்பிள்ளைவாதம் பெருவாரியாகப் பரவியபோது, சூம்பிய காலுடைய பிள்ளைகளுக்கு இத்தொழிலார் எத்துணை இன்றியமையாதவர் என்பது நாட்டுக்குப் புலனாயிற்று. 1993க்குப் பின் அந்நோய் இந்நாட்டிற் காணப்படவில்லை. நெடுங்காலம் சான்றிதழ்ப் பயிற்சியாகவே இருந்த இக்கல்வி இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே பல்கலைக்கழகப் பட்டமாக உயர்ந்தது. அவ்வுயர்வோடு பல்கலைக்கழகப் பரீட்சை முறையும் வந்து சேர்ந்தது.

பழைய செய்முறைப் பரீட்சையின் இயல்பை மூத்தோர் அறிவர். மாணவருக்கு ஒரு நோயாளி, ஒரு பரீட்சகர், கட்டிலருகே ஒரு விசாரணை. எளிய நோயாளி வாய்த்தவர் தேறுவார். சிக்கலான நோயாளியும் சினமுள்ள பரீட்சகரும் வாய்த்தவர் தவறுவார். இது குலுக்கற் சீட்டினும் அதிகம் மேம்பட்டதன்று. ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் உடனுழைத்தோரும் 1975இல் இதற்கு மாற்றொன்றை வெளியிட்டனர். பரீட்சை பல நிலையங்களாகப் பகுக்கப்படும். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பணி. சில நிமிடங்களில் மணி ஒலிக்க, மாணவர் அடுத்த நிலையத்துக்கு நகர்வர். எல்லா மாணவரும் அதே பணிகளைச் செய்வர். பரீட்சகர் முன்கூட்டியே வகுத்த குறிப்புத்தாளின்படி புள்ளியிடுவர். இதனைப் புறவயக் கட்டமைப்புச் செய்முறைப் பரீட்சை எனலாம். இன்று இலங்கை மருத்துவ பீடங்களிலும் இது வழக்கில் உள்ளது. மணியொலிக்கு ஆட்பட்ட மாணவர் இதனை விரும்புவதில்லை. எனினும் நியாயம் என்னும் ஒன்றை இது கொணர்ந்தது.

1990இல் ஜோர்ஜ் மில்லர் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் தகுதியை நாற்படிக் கூம்பாக வகுத்தார். அறிதல், எவ்வாறெனக் கூற அறிதல், செய்து காட்டுதல், உண்மைத் தொழிற்களத்திற் செய்தல் என்பன அப்படிகள். எழுத்துத் தேர்வு முதலிரு படிகளைத் தொடும். நிலையப் பரீட்சை மூன்றாம் படிவரை ஏறும். நான்காம் படி, மாணவர் தனித்து விடப்பட்ட வைத்தியசாலையில், களைத்த பிற்பகலில், வரிசையில் நாற்பதாவதாக நிற்கும் நோயாளிமுன் தெரியவரும்.

மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையேயுள்ள வெளியிற் கிடப்பது யாது? பலவற்றுள் ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்கின்றேன், அது மொழி. தசை வலுவைச் சோதிக்கும் முறையை மீண்டும் எண்ணிப் பார்க்க. மாணவர் நோயாளியின் முழங்கையை மடித்து வைத்து, தாம் இழுக்கும்போது விடாமற் பிடிக்கும்படி சொல்லவேண்டும். நோயாளி அதனைப் பிழையாக விளங்கி, கூடவே இழுபட்டுச் சென்றாராயின், ஐந்து வலுவுடைய தசை மூன்றாகப் பதிவாகும். இங்கே மொழிப்பிழை அளவைப் பிழையாகின்றது. மருந்து எழுதும் வைத்தியருக்கு மொழி துணைக்கருவி. இயன்மருத்துவருக்கோ அது கையின் ஒரு பாகம். சொல்லி இயக்காமல் அவர் எதனையும் அளக்கவும் முடியாது, சிகிச்சை அளிக்கவும் முடியாது.

நோயாளியின் சொல்லை விளங்கிக்கொள்வதிலும் இதே இடர் உண்டு. நம் மக்கள் நோவுக்கு ஒரு சொல்லோடு நிற்பதில்லை. உளைவு வேறு, கடுப்பு வேறு, குத்து வேறு, எரிவு வேறு, சுண்டி இழுத்தல் வேறு. தசையின் களைப்பை உளைவு என்னுஞ் சொல்லும், நரம்பின் நோவை எரிவு, சுண்டி இழுத்தல் என்னுஞ் சொற்களும் பெரும்பாலும் சுட்டும். 'விறைப்பு' என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். கால் விறைத்துப் போயிற்று என ஒருவர் கூறினால், தொடுவது தெரியவில்லை என்பது ஒரு பொருள். மடங்க மறுக்கின்றது என்பது மற்றொரு பொருள். முன்னையது நரம்புக் குறி. பின்னையது மூட்டுக் குறி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு. ஆங்கிலத்திற் கற்று, ஆங்கிலக் குறிப்புத்தாளால் அளக்கப்பட்ட மாணவர் தமிழராயினும், இச்சொல்லைக் கேட்டவுடன் எந்த விறைப்பு என்று மீளக் கேட்கும் பழக்கம் அவரிடம் தானே வந்துவிடாது. சிங்களம் மட்டும் அறிந்து மூதூருக்கு வரும் இளைஞரும், தமிழ் மட்டும் அறிந்து கந்தளாய்க்கோ சேருவிலைக்கோ செல்லும் இளைஞரும் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வாறான எண்ணம் இம்மண்ணிற்குப் புதிதன்று. அமெரிக்க மிஷனைச் சார்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், ஆங்கிலங் கற்றவர் ஊரைவிட்டு உத்தியோகந் தேடிச் செல்வதைக் கண்டு, 1860களிலே தமிழிற் கற்பிக்கலானார். இரணவைத்தியம், அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் தமிழில் வெளிவந்தது அவர் முயற்சியால். கிறீனின் கலைச்சொற்களைப் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. மலர்களுக்குக் கட்டுரை வேண்டும்போதெல்லாம் அவரே துணை. ஆனால் பயிற்று மொழியை மாற்றியபோது மாணவர் விடையிறுக்கும் மொழியும் உடன் மாறிற்று என்பதையும், நோயாளி பேசும் மொழியிலேயே மருத்துவரின் அறிவு அளக்கப்பட்டது என்பதையும் அவ்வளவாக எவரும் எடுத்துரைத்ததில்லை. அவர் 1873இல் நாடு திரும்பியபின் அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை.

இன்று இயன்மருத்துவத்தைத் தமிழிற் பயிற்ற வேண்டும் என வாதிடுவது என் கருத்தன்று. உலக ஆராய்ச்சியோடு உறவாட ஆங்கிலம் வேண்டியதே. எழுத்துத் தேர்வு அம்மொழியில் நடைபெறுக. நான் கூறுவது நிலையப் பரீட்சையைப் பற்றியே. அதன் குறிப்புத்தாளில், கையை வைத்த இடம் சரியா என்பதற்குப் புள்ளியுண்டு. மூட்டைத் தாங்கிய விதத்திற்குப் புள்ளியுண்டு. நோயாளியோடு பழகிய முறைக்கும் புள்ளியுண்டு. நோயாளியின் சொந்த மொழியிற் பணித்து, அவர் விளங்கிக்கொண்டாரா என உறுதிப்படுத்தியமைக்குத் தனிப் புள்ளி இருத்தல் வேண்டும். அப்புள்ளி தவறின் அந்நிலையத்தில் எடுத்த அளவும் செல்லாது எனக் கொள்ளுதல் தகும். ஏனெனில் அளவே அதனைச் சார்ந்து நிற்கின்றது. எல்லா மாணவரும் இருமொழியும் சரளமாகப் பேசவேண்டும் என்பதன்று. இருபது முப்பது பணிப்புச் சொற்களும், விறைப்பைப் போன்ற பத்துப் பன்னிரண்டு நோவுச் சொற்களும் இரு மொழியிலும் தெரிந்திருத்தல் ஒரு தவணையிற் கைகூடக்கூடியது. மொழிபெயர்ப்பாளரைத் துணைக்கழைக்க வேண்டிய கட்டம் இதுவென உணர்ந்து நிறுத்துதலுக்கும் புள்ளி கொடுக்கலாம். சினான் அந்த முதியவருக்கு வகுத்த எல்லையும் இத்தகையதே.

இதற்கு வேண்டிய நோயாளர் எங்கிருந்து வருவர் எனக் கேட்கலாம். உண்மை நோயாளரை மீண்டும் மீண்டும் மடக்கி நீட்டி வருத்துவது அறமன்று. அமெரிக்காவிலே ஹவார்ட் பரோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர் 1963இல் இதற்கு ஒரு வழி கண்டார். நலமுள்ள ஒருவரை நோயாளியைப் போல் நடிக்கப் பயிற்றி, மாணவர்முன் அமர்த்தினார். சீனத்து வெண்கலப் பாவைக்கு இல்லாத வாயும் நோவும் இம்முறையிற் கிடைத்தன. திருகோணமலையில் அத்தகையோரைத் தேடி அலைய வேண்டியதில்லை. தோள் நோவை எவ்வாறு சொல்வதென்று கிண்ணியாக் கரையில் வலை இழுத்து ஓய்ந்தவருக்கு எவரும் கற்பிக்க வேண்டா. கந்தளாயில் வயல் செய்தவர் அதனையே சிங்களத்திற் சொல்வார். ஆண்டுக்கு ஒருமுறை கொழும்பிலும் பேராதனையிலும் நடைபெறும் பரீட்சைக்கு இவர்களுட் சிலரை அழைத்து இரண்டொரு நிலையங்களில் அமர்த்துவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. சித்த மருத்துவம் பயிற்றும் திருகோணமலை வளாகமும் தன் தொக்கணச் செய்முறைத் தேர்விற்கு இவர்களையே அழைத்துக்கொள்ளலாம். பரோஸ் தொடங்கியபோது அவரிடம் இருந்தது, ஓவியர்களுக்கு மாதிரியாக அமர்ந்து பிழைத்த ஒரேயொரு பெண். அவருக்கு முதலிற் கற்றுக்கொடுத்த நோய், இருகாலும் செயலிழந்து கிடத்தல்.